இருபது லட்சத்தை எதில் போடுவது? மனை, ஃபிளாட், மாடி போர்ஷன், ரீட்

கையில் இருபது லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டால் நம் குடும்பங்களில் அடுத்த பேச்சு, "எங்கேயாவது ஒரு இடம் வாங்கிப் போடு" என்பதுதான். சொல்கிறவர்கள் அனுபவத்தில்தான் சொல்கிறார்கள். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கிரவுண்டு அன்றைக்கு வாங்கியவரின் பிள்ளைகள் இன்று அதன் பலனை அனுபவிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலரும் குடியேற நினைத்து வாங்கினார்கள், பெரிய கடன் இல்லாமல் வாங்கினார்கள். இன்று முதல்முறையாக முதலீட்டுக்கென்று வாங்குகிறவர் வாடகை வீட்டில் இருப்பார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவார், வேலை எந்த ஊருக்கு மாறும் என்று தெரியாது. அதனால் எது அதிகமாக விலை ஏறும் என்ற கேள்வியை நான் முதலில் வைக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. வாங்கிய பிறகு மாதாமாதம் அது பணம் தருமா, கேட்குமா? அவசரம் வந்தால் எத்தனை நாளில் விற்கலாம்? பத்திரத்தில் எங்கே சிக்கல் இருக்கும்? இந்த மூன்றையும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். இவற்றை வைத்தே மனை, ஃபிளாட், மாடி போர்ஷன், ரீட் (பெரிய கட்டடங்களின் வாடகையில் பங்கு தரும், பங்குச் சந்தையில் வாங்கும் யூனிட்) என்ற நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்.

கீழே வரும் விலைகளும் வாடகையும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

புறநகர் மனை

சதுர அடி 1,500 ரூபாய் வீதம் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, 18 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 1,62,000 ரூபாய். வக்கீல் பார்வை, பத்திரம் எழுதுவது, நான்கு மூலைக்கும் கல் நட்டு வேலி போடுவது எல்லாம் சேர்ந்தால் 20 லட்சம் முடிந்துவிடும்.

இதே 20 லட்சம் வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் ஐந்து வருடத்தில் சுமார் 28 லட்சமாகும். மனை அதைத் தொட வேண்டுமானால் 1,500 ரூபாய் சதுர அடி 2,340 ரூபாய் ஆக வேண்டும். விற்கும்போது புரோக்கர் கமிஷன் இருக்கிறது, லாபத்துக்கு வரி இருக்கிறது. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கிய சொத்தை இரண்டு வருடம் கழித்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. விலைவாசி உயர்வைக் கழித்துக்கொள்ளும் பழைய சலுகை கிடையாது. வங்கி வட்டிக்கும் வருமான வரி உண்டு என்பதால் வங்கிப் பக்கமும் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து வருடத்தில் விலை ஒன்றரை மடங்காவது ஆனால்தான் மனை வங்கியை ஒட்டி நிற்கும்.

ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஏறினாலும் விற்க முடிகிறதா என்பதுதான் என் கவலை. புது லே-அவுட்டில் முதல் ஐந்தாறு வருடம் உங்களுக்குப் போட்டி, உங்களுக்கு விற்ற அதே புரமோட்டர்தான். அவரிடம் விற்காத மனைகள் இருக்கும், பக்கத்திலேயே அடுத்த கட்டம் போட்டிருப்பார், தவணைக்குக் கொடுப்பார், வேன் வைத்து ஆளை அழைத்து வருவார். ஒற்றை மனை வைத்திருக்கும் உங்களால் இதெல்லாம் முடியாது. வீடு கட்ட வருகிற ஆள்தான் நல்ல விலை கொடுப்பார். அவர் குடிநீரும் தெருவிளக்கும் பள்ளி வேனும் வருகிற இடத்தைத்தான் தேடுவார். மனை பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதைவிட வேலை நாளில் இருட்டிய பிறகு ஒருமுறை போய், எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வீட்டில்கூட ஆள் இல்லை என்றால் அந்த மனையை விற்க நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

"பக்கத்தில் இது வருகிறது, அது வருகிறது" என்று சொல்லும் விலையைக் கொடுக்காதீர்கள். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024இல். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 2019இல் அடிக்கல், திறப்பு 2023 டிசம்பர் இறுதியில். இரண்டும் உண்மையான திட்டங்கள்தான். ஆனால் அடிக்கல் நாட்டிய அன்றைக்கே முழு விலை கொடுத்தவர், நடுவில் போன வருடங்களின் வட்டியைத் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்.

பத்திர விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. இன்றும் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. லே-அவுட் அனுமதி டிடிசிபியிடமிருந்தோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சிஎம்டிஏவிடமிருந்தோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வந்திருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, பலரும் கோட்டைவிடும் இடம். பூர்வீக நிலத்தை அப்பாவும் அண்ணன் தம்பிகளும் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள், பெண்பிள்ளைகளின் கையெழுத்து இருக்காது. இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989லேயே, அப்போது திருமணமாகாமலிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதைப் பார்க்காமல் அந்த உரிமை பிறப்பிலேயே உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருபது வருடம் கழித்து ஒரு அக்கா வழக்குப் போட்டால், வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) சுத்தமாக இருந்ததே என்று நீங்கள் சொல்வது போதாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயர்களும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் பவர் (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். கோயில் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கியது), நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

சென்னைச் சுற்றுவட்டாரத்தில் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் வைத்துக் கேளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், பெரும்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அங்கேயே டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மனையில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. அது மாதாமாதம் எதையும் கேட்காது. ஜிஎஸ்டி இல்லை, வாடகைதாரர் தொல்லை இல்லை. அந்தக் குணம் கடன் வாங்காதவரைதான் நிற்கும். வருமானமே இல்லாத சொத்துக்கு ஈஎம்ஐ கட்டுவதை முதல் முதலீடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாடகைக்கு விடும் ஃபிளாட்

20 லட்சத்தில் நல்ல ஃபிளாட் வராது, கடன் வேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள பழைய ஃபிளாட் 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம்வரை வங்கிகள் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 36 லட்சம் கடன், 9 லட்சம் உங்கள் பணம். முத்திரை, பதிவுக் கட்டணத்தை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அந்த 4 லட்சமும் உங்கள் கையிலிருந்தே போகும். வெள்ளையடிப்பு, குழாய், மின்வேலை என்று இன்னும் ஒன்றரை லட்சம். மிச்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதுவரை சுகமாகத்தான் தெரியும்.

8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்கு 868 ரூபாய் ஈஎம்ஐ. 36 லட்சத்துக்கு மாதம் 31,250. வாடகை 13,000 வந்தால் அதில் மெயின்டனன்ஸ், சொத்து வரி, வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் போக வருடத்துக்கு 1,20,000 நிற்கும். முதல் வருட வட்டி மட்டுமே 3 லட்சம். வாடகை வட்டியில் பாதியைக்கூட அடைக்கவில்லை. மீதி 1,80,000 ரூபாயை ஈடுகட்ட மட்டும் ஃபிளாட்டின் விலை வருடம் 4 சதவீதம் ஏற வேண்டும். நான்கு வழிகளிலும் புதிதாக வருகிறவரை அதிகம் ஏமாற்றுவது இந்தக் கணக்குதான். "வாடகையே ஈஎம்ஐயைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் அவரை உட்கார வைத்து இந்த எண்களை எழுதச் சொல்லுங்கள். வருமான வரிச் சலுகையும் முன்போல இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்கள் இந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது.

கடன் பாதிக்குக் கீழே இருந்தால், இல்லையென்றால் என்றைக்காவது அந்த ஃபிளாட்டில் நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் கதை மாறும். அப்போது பழைய மூன்று மாடிக் கட்டடத்தைத் தேடுங்கள். அதில் யூடிஎஸ், அதாவது பிரிபடாத மனைப் பங்கு, அதிகமாக இருக்கும். கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு குறையும், மண்ணுக்குக் குறையாது. பத்திரத்தில் எத்தனை சதுர அடி யூடிஎஸ் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதை அந்தத் தெருவின் மனை விலையால் பெருக்குங்கள். கேட்கும் விலையில் பாதியாவது அதில் வந்தால் நல்ல கணக்கு. எல்லா வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்றும் சங்கத்திடம் கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்பதால், யூடிஎஸ்ஸுக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை முதல் முதலீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சத்துக்குட்பட்ட சிறிய வீடுகளுக்கு மட்டும் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்துவிட்ட வீட்டுக்கு அதுவும் இல்லை. சாவி கைக்கு வரும்வரை வாடகையும் கிடையாது. கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரெரா சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி அதில் கொஞ்சம் கடனை அடைக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி முன்பணத்துக்குப் பொதுவான வரம்பு மூன்று மாத வாடகைதான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும்.

மாடியில் ஒரு போர்ஷன்

இதை முதலீட்டு ஆலோசகர்கள் சொல்வதில்லை, இதில் அவர்களுக்குக் கமிஷன் வராது. அப்பா கட்டிய தரைத்தள வீடு திருச்சியிலோ சேலத்திலோ தாம்பரத்திலோ இருக்கிறது, மேலே மொட்டை மாடி. அங்கே 550 சதுர அடியில் ஒரு சின்ன வீடு. சதுர அடிக்கு 2,400 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 13,20,000. வெளிப்படிக்கட்டு, தனி மின்மீட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 15 லட்சம் வரும். வாடகை 9,000 கிடைத்தால், காலியாகக் கிடக்கும் நாட்களும் பராமரிப்பும் போக வருடத்துக்கு 97,000. போட்ட பணத்தில் ஆறரை சதவீதம். மேலே பார்த்த ஃபிளாட்டில் இதே கணக்கு 2.7 சதவீதம்தான். வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. நிலத்துக்குப் பணம் கொடுக்கவில்லை, 9 சதவீத பத்திரச் செலவு இல்லை, பெரிய கடன் இல்லை. குடியிருப்பவர் யார் என்று கீழே இருக்கும் அம்மாவுக்குத் தெரியும், குழாய் கெட்டால் அன்றைக்கே தெரியும்.

இதன் ஆபத்து முழுவதும் குடும்பத்துக்குள் இருக்கிறது. வீடு அப்பா பெயரில் இருக்க, மகன் தன் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிறான். அப்பா காலமான பிறகு தங்கைக்கும் அம்மாவுக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு, மாடி உட்பட. "நான் போட்ட பணம்" என்பதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. அண்ணன் தங்கை உறவு முறிவதற்கு இது போதும். அதனால் செங்கல் இறங்குவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள். குடும்ப உறுப்பினருக்குள் செட்டில்மென்ட் பத்திரம் (விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுத முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. உடன்பிறந்தவர்களுக்கு அவரவர் பங்குக்கு ஈடாகப் பணம் கொடுத்து எழுதிக்கொள்வதுதான் சுத்தமான வழி. பெற்றோர் எழுத விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு அந்த வீடுதான் பாதுகாப்பு. அப்போது இந்த வழியை விட்டுவிடுவதே மேல்.

அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரை வைத்துப் பாருங்கள், மேஸ்திரி சொல்வது போதாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் மேல் ஒரு தளமும் உள்ள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி 2024 ஜூலையில் வந்திருக்கிறது. பழைய வீட்டின் மேல் எழுப்புவதற்கு என்ன நடைமுறை என்று உங்கள் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். மாடியைத் தனியாக விற்பது ஏறக்குறைய முடியாத காரியம். போட்ட பணம் வாடகையாகத்தான் திரும்பும் என்று நினைத்தே இறங்க வேண்டும்.

ரீட்

பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளையின் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் வாங்குவது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014இல் இதற்கு விதிகளைக் கொண்டுவந்தது. முதலில் 2019 ஏப்ரலில் எம்பசி வந்தது, பிறகு மைண்ட்ஸ்பேஸ், ப்ரூக்ஃபீல்ட், மால்களுக்கென்று நெக்சஸ். போரூரில் மைண்ட்ஸ்பேஸ் வளாகமும் வடபழனியில் நெக்சஸ் விஜயா மாலும் இவற்றின் கையில்தான் இருக்கின்றன. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருவதாக இருக்க வேண்டும், பகிர்ந்தளிக்கக் கூடிய பணத்தில் 90 சதவீதமாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். பத்திரமில்லை, பட்டா இல்லை, விற்றால் ஓரிரு நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

விலை இறங்கவும் செய்யும். 275 ரூபாய்க்கு வெளியான ப்ரூக்ஃபீல்ட் யூனிட் 2023 இறுதியில் அதற்குக் கீழேதான் கிடந்தது. கையில் வரும் தொகையில் வட்டி, டிவிடெண்ட், போட்ட முதலில் ஒரு பகுதி திரும்புவது என்று பிரிவுகள் இருக்கும், வரியும் அதற்கேற்ப மாறும். வீட்டுக் கடன்போல இதற்குக் கடன் கிடைக்காது என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். புதியவருக்கு அது நல்லதே என்று நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்" என்று சென்ட் கணக்கில் விற்கும் பண்ணை நிலத்தை முதல் முதலீடாக வாங்காதீர்கள். சின்னத் துண்டு விவசாய நிலத்துக்குப் பாதை உரிமையும் தண்ணீரும் பெரிய கேள்வி, விற்பது அதைவிடக் கடினம். கடை வாடகை நல்ல வருமானம்தான். ஆனால் 20 லட்சத்துக்குக் கிடைக்கும் கடை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாத மாடியில் இருக்கும்.

யாருக்கு எது

சொந்த ஊரில் வீடு இருந்து, குடும்பம் பேசி முடிவெடுக்கும் குடும்பமாகவும் இருந்தால் மாடி போர்ஷனை முதலில் வைப்பேன். மிச்சம் ஐந்து லட்சத்தை ரீட்டிலும் வங்கியிலும் பிரித்துப் போடலாம். அந்த வசதி இல்லாமல், பத்து வருடம் இந்தப் பணம் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்கள், ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்ட தெருவில், தங்களுக்குத் தெரிந்த ஊரில், கடனில்லாமல் சின்ன மனை வாங்கலாம். சென்னைப் புறநகரில் 1,200 சதுர அடி வாங்கும் பணத்துக்குத் தஞ்சாவூரிலோ திண்டுக்கல்லிலோ ஆள் குடியிருக்கும் தெருவிலேயே இடம் கிடைக்குமா என்று பாருங்கள். அங்கே உறவினர் யாராவது மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கவும் முடியும். ஃபிளாட்டை, நீங்களே குடியேறும் எண்ணமிருந்தால் மட்டும் யோசியுங்கள். வேலை நிலையில்லாதவர்கள், அடுத்த ஐந்து வருடத்தில் திருமணமோ வெளிநாட்டுப் பயணமோ வரக் கூடியவர்கள் ரீட்டோடு நிற்கலாம். அந்தக் காலத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாலு மனையின் பத்திரங்களை வாங்கிப் படித்துப் பழகுங்கள். வாங்கப் போவதில்லை என்றாலும் படியுங்கள்.

மனையோ ஃபிளாட்டோ, முடிவெடுத்த பிறகு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் கட்டத்தில்தான் அவசரப்படுத்துவார்கள். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார்" என்பார்கள். போகட்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரம்) இன்றுவரையிலான பத்திரங்களின் நகல், பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இவற்றை முதலில் வாங்கி, விற்பவரோ புரோக்கரோ காட்டும் வக்கீலிடம் கொடுக்காமல் உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் அப்போதே ஆடிட்டரையும் பாருங்கள். உள்நாட்டுக்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால்தான் 1 சதவீத வரிப் பிடித்தம். வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்கினால் அந்த வரம்பும் இல்லை, விகிதமும் பல மடங்கு. பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிறவருடையது. அட்வான்ஸ் தொகையை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்: சொத்துரிமையில் குறை இருப்பதாக வாங்குபவரின் வக்கீல் எழுத்தில் சொன்னாலோ, அதே காரணத்துக்காக வங்கி கடன் தர மறுத்தாலோ, அட்வான்ஸ் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த வரிக்குச் சம்மதிக்காதவரிடம் சொத்து வாங்க வேண்டாம்.